சிவப்புக் கோடு வரை எண்ணெய்

மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஊன்றுகோலுடன் ஒவ்வொரு படியாக இறங்கிப் பின்பக்கக் கொட்டகைக்குப் போனேன். வண்டியின் மேல் போர்த்தியிருந்த துணியை விலக்கி, எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திருகி எட்டிப் பார்த்தேன். எண்ணெய் சிவப்புக் கோட்டில் நின்றது. மேலும் இல்லை, கீழும் இல்லை.

யாரோ என் வண்டியை ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள்.

எண்ணெய் சரியாக இருப்பதைப் பார்த்து ஒருவன் ஏன் பதற வேண்டும் என்று கேட்பீர்கள். இது ஐம்பத்து நான்கில் பிரிட்டனில் செய்த ஐந்நூறு சிசி வண்டி. ஒரே சிலிண்டர். இன்றைய பைக்குகளில் எண்ணெய் எஞ்சினின் அடிவயிற்றிலேயே கிடக்கும். இதில் சீட்டுக்குக் கீழே அதற்கென்று தனித் தொட்டி உண்டு. எஞ்சின் ஓடும்போது ஒரு சின்ன பம்பு தொட்டியிலிருந்து எண்ணெயை உள்ளே அனுப்பும். அதோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு பம்பு, வேலை முடிந்து கீழே சொட்டிய எண்ணெயை உறிஞ்சி மறுபடி தொட்டிக்கே ஏற்றிவிடும். வண்டி நிற்கும்போதுதான் வேடிக்கை. பம்பின் பற்சக்கரங்களுக்கு நடுவில் மிக நுண்ணிய இடுக்கு இருக்கிறது. தொட்டி மேலே, எஞ்சின் கீழே. அந்த இடுக்கு வழியாக எண்ணெய் இரவும் பகலும் கசிந்து எஞ்சினுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். நான்கு வாரம் நிறுத்தி வைத்தால் தொட்டி பாதியாகிவிடும். ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டால் பம்பு எல்லாவற்றையும் மேலே ஏற்றி, மறுபடி சிவப்புக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்திவிடும். அந்தக் கோட்டைத் தொட்டியின் கழுத்தில் போட்டவன் நான்தான்.

ஆறு வாரம் நின்ற வண்டியில் எண்ணெய் கோட்டில் இருக்கிறது என்றால், அது ஆறு வாரம் நிற்கவில்லை.

இந்த வண்டிக்குச் சாவியும் கிடையாது. பேட்டரி இல்லை, மேக்னெட்டோதான் பொறியை உண்டாக்குகிறது. கிக்கரை உதைக்கத் தெரிந்த எவனும் கிளப்பலாம். வீட்டில் மூன்று பேர். எனக்கு முட்டி போய்விட்டது. என் மனைவி இதுவரை வண்டியில் ஏறி உட்கார்ந்ததுகூட இல்லை. மூன்றாவது ஆள், பின் அறையில் இருக்கும் மச்சான்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பதினெட்டு வருடம் டெலிவரி வேன் ஓட்டியவர். ஒருநாள் ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு கடையின் கண்ணாடி முகப்பை மொத்தமாக உள்ளே தள்ளிவிட்டார். ஆளுக்கு அடியில்லை. ஆனால் லைசென்ஸை ஆறு மாதம் நிறுத்தி வைத்துவிட்டார்கள். திரும்பக் கொடுக்க ஒரு நிபந்தனை: அந்த ஆறு மாதமும் அவர் எந்த மோட்டார் வண்டியையும் தொடவில்லை என்று, அதே வீட்டில் வசிக்கும் ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். கடிதம் பொய் என்று தெரிந்தால் லைசென்ஸ் நிரந்தரமாகப் போய்விடும். அந்தக் கையெழுத்தை நான்தான் போட வேண்டும் என்பது பேசாமலே முடிவான விஷயம். ஏனென்றால் என் தொழிலே கையெழுத்துப் போடுவதுதான். நான் லிஃப்ட் பரிசோதகன்.

லிஃப்ட் நன்றாக ஓடுகிறது என்று கட்டடக்காரர் சொல்வதை நான் காதில் வாங்குவதில்லை. மேலே ஏறி, கயிற்றில் எத்தனை இழை அறுந்திருக்கிறது என்று என் விரலால் எண்ணுவேன். பிரேக்கை நானே விட்டுப் பார்ப்பேன். ஆட்களிடம் கேள்வி கேட்பது நேர விரயம் என்பது இருபது வருட அனுபவம். என்ன சோதிக்கப்போகிறேன் என்பதையும் முன்கூட்டிச் சொல்லமாட்டேன். சொன்னால் அதை மட்டும் துடைத்து வைத்துவிடுவார்கள்.

கடிதம் கொடுக்க இன்னும் பதினைந்து நாள் இருந்தது.

"வண்டிய யாராவது எடுத்தாங்களா?" என்று மனைவியிடம் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"யார் எடுப்பா? உதைக்கப் போய் நீங்களே ஆஸ்பத்திரியில படுத்தீங்க. என் மாமியார்கூட என்னை இவ்ளோ படுத்தினதில்ல."

அது நிஜம். இந்த வண்டியில் பொறி விழும் நேரத்தை முன்னே பின்னே தள்ள ஹேண்டில்பாரில் ஒரு லீவர் உண்டு. கிளப்பும்போது அதைப் பின்னுக்குத் தள்ளி வைக்க வேண்டும். மறந்தால், பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு முன்பே பெட்ரோல் வெடித்து, கிக்கர் வந்த வழியே திரும்பி அடிக்கும். ஏழு வருடத்தில் ஒரே ஒரு நாள் மறந்தேன். மூட்டுக்குள் இருக்கும் ஜவ்வு கிழிந்துவிட்டது.

"சத்தமாவது கேட்டிருக்கும்ல?" என்றேன்.

"நான் செவ்வாய், வெள்ளி உங்களோட பிசியோதெரபிக்கு வர்றேன். அப்போ என்ன நடக்குதுன்னு சுவத்தைத்தான் கேக்கணும். ஏன் கேக்கறீங்க?"

"சும்மா."

செவ்வாய், வெள்ளி. மூன்று மணி நேரம் வீடு காலி. மச்சான் இப்போது ஃபர்னிச்சர் குடோனில் சுமை தூக்குகிறார். மதியம் சாப்பிட நடந்தே வீட்டுக்கு வருவார். மனதில் அதைக் குறித்துக்கொண்டேன்.

அன்று மாலை மச்சான் என் எதிரில் உட்கார்ந்து, பேண்டை மடித்துவிட்டு வலது காலின் முன்னெலும்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். கன்றிப்போன ஒரு நீல அடிக்காயம், வலப்பக்கக் கிக்கர் தவறி வந்து மோதினால் எந்த உயரத்தில் விழுமோ அதே உயரத்தில்.

"என்ன மச்சான் அடி?"

"கட்டில் கால் விழுந்திடுச்சு மச்சான். ரெண்டு பேர் தூக்க வேண்டியதை நானே தூக்கினேன். பொழப்பு."

"வலது கால்லயா?"

"கட்டிலுக்கு வலது எது, இடது எதுன்னு தெரியுமா?" என்று சிரித்தார். பிறகு, "ஆமா, உங்க வண்டியில கிளட்ச் பக்கம் சின்னதா ஒரு லீவர் இருக்கே, அது எதுக்கு?" என்றார்.

கொட்டகைக்குள் போகாத ஆளுக்கு அந்த லீவர் எப்படித் தெரிந்தது? "எப்போ பாத்தீங்க?" என்றேன். "நீங்க விழுந்தப்ப தூக்கினது யாரு?" என்றார். பதில் நியாயமாகத்தான் இருந்தது. நியாயமான பதில் தயாராக இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த நாள் டயரிலிருந்து தரை வரை ஒரே கோடாகச் சாக்பீஸால் இழுத்து வைத்தேன். வண்டி ஒரு விரல் நகர்ந்தாலும் கோடு உடையும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தேன். கோடு உடையவில்லை. எண்ணெயோ அதே சிவப்புக் கோட்டில். ஒரு வாரத்துக்கு அரை விரலாவது இறங்கியிருக்க வேண்டும்.

பிஸ்டனுக்குப் போன் போட்டேன். பழைய வண்டிக்காரர்கள் கூட்டத்தில் அவனை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். தேய்ந்த பிஸ்டன் ஒன்றில்தான் பேனா போட்டு வைத்திருப்பான்.

"தொட்டியில எண்ணெய் தானா ஏறுமாடா?" என்றேன்.

"ஏறாது. எஞ்சின் ஓடினாத்தான் ஏறும். இதுகூடத் தெரியாமத்தான் ஏழு வருஷமா வெச்சிருக்கியா?"

"வண்டி நகரவே இல்ல. ஆனா ஏறியிருக்கு."

"சென்டர் ஸ்டாண்ட்ல போட்டு ஓட்டியிருக்கான். யாருடா அவன்? அவன் கால் நல்ல கால். என் வண்டிக்கும் அனுப்பி வை."

அடுத்த வாரம் தையல் பெட்டியிலிருந்து கறுப்பு நூல் எடுத்து, கிக்கருக்கும் சட்டத்துக்கும் நடுவில் கட்டினேன். கிக்கர் இறங்கினால் நூல் அறும். வெள்ளிக்கிழமை பிசியோதெரபியில் முட்டியை மடக்கச் சொன்னபோது நான் நூலையே நினைத்துக்கொண்டிருந்தேன். "வலிக்குதா? மூஞ்சி இப்படிப் போகுது" என்றாள் அந்தப் பெண்.

ஞாயிறு காலை போய்ப் பார்த்தேன். நூல் அறவில்லை. எண்ணெய் கோட்டில்.

நேர்மையான பரிசோதகன் அந்த இடத்தில் நின்று யோசித்திருக்க வேண்டும். நான் குனிந்து முடிச்சைப் பார்த்தேன். என் முடிச்சு மாதிரிதான் இருந்தது. ஆனால் பதினெட்டு வருடம் சரக்குக் கட்டிய கைக்கு எந்த முடிச்சுதான் வராது? நூலைப் பார்த்திருக்கிறார், அவிழ்த்திருக்கிறார், வேலை முடிந்ததும் அதேபோலக் கட்டியிருக்கிறார். அவ்வளவு கவனமாக மறைக்கிறவர் கொட்டகையோடு நிற்பாரா? தெருவிலும் எதையாவது ஓட்டிக்கொண்டிருப்பார். அவருக்காக நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

மறுநாள் கடிதம் கொடுக்கும் நாள். அன்று மதியச் சாப்பாட்டில் மச்சான் தட்டைத் தள்ளிவிட்டு, "கடிதம் எழுதி வெச்சிருக்கேன் மச்சான். நீங்க கீழ ஒரு கையெழுத்து" என்றார்.

"நான் போட மாட்டேன்."

"ஏங்க?" என்றாள் மனைவி.

"உங்க அண்ணனைக் கேளு. என் வண்டிய எத்தனை தடவை கிளப்பினாருன்னு."

"நான் தொட்டதே இல்ல மச்சான்" என்றார் அவர்.

"எங்கிட்ட ஆதாரம் இருக்கு."

"என்ன ஆதாரம்?"

"அதைச் சொல்ல மாட்டேன்."

"சொல்ல மாட்டாராம்!" மனைவி எழுந்துவிட்டாள். "ஏன், ஆதாரத்துக்குக் கூச்சமா? ரெண்டு வாரமா ஆளு கொட்டகைக்கும் வீட்டுக்கும் பூனை மாதிரி அலையும்போதே நினைச்சேன். என் தையல் பெட்டியில நூல் காணாமப் போனதும் இதுக்குத்தானா?"

மச்சான் கை கழுவிக்கொண்டு பின் அறைக்குப் போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது கையில் பை இருந்தது. குடோன் மேலே ஒரு கட்டில் இருக்கிறது, அங்கே படுத்துக்கொள்கிறேன் என்றார். குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. மனைவி குறுக்கே வந்து பையைப் பிடுங்கி வைத்தாள். "நீ நில்லு அண்ணா" என்று அவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "லிஃப்டுன்னா சோதனை போட்டுத்தானே சொல்வீங்க? போடுங்க. எங்க கண்ணு முன்னாடி."

சோதனை என் மனதில் ஏற்கெனவே தயாராக இருந்தது. இந்த வண்டியைக் கிளப்பத் தெரிந்த காலும் தெரியாத காலும் ஒன்றல்ல. ஸ்கூட்டர் பழகியவன் கிக்கரைக் கண்டதும் ஓங்கி மிதிப்பான். தெரிந்தவன் முதலில் கிக்கரை மெல்ல அழுத்தி, அது கெட்டியாக எதிர்த்து நிற்கும் இடத்தைத் தேடுவான். அங்கேதான் பிஸ்டன் காற்றை முழுதாக நெருக்கிவைத்திருக்கும். பழகிய கால் தன்னையறியாமல் அந்த இடத்தைத் தேடும். நடித்தாலும் ஒரு கணம் தயங்கும். நான் அந்தக் கணத்துக்காகக் காத்திருந்தேன்.

மூவரும் கொட்டகைக்குப் போனோம்; மனைவி கடைசியாக வந்து சேர்ந்தாள். வண்டி சென்டர் ஸ்டாண்டில் இருந்தது. ஸ்டாண்டில் நிற்கிற வண்டியை என் கண் முன்னால் உதைப்பதற்கு நானே பொறுப்பு என்று சொன்ன பிறகுதான் மச்சான் பக்கத்தில் வந்தார். நூலை அறுத்துப் போட்டேன். பெட்ரோல் டேப்பைத் திறந்து, கார்புரேட்டர் மேலே இருக்கும் குமிழை, விரலில் ஈரம் படும்வரை அழுத்தினேன். பொறி லீவரைப் பின்னுக்குத் தள்ளினேன். இரண்டு முறை சரிபார்த்தேன்.

"உதைங்க" என்றேன்.

மச்சான் செருப்பைச் சரி செய்துகொண்டு, ஓங்கி ஒரு மிதி மிதித்தார். தயக்கமே இல்லை. கிக்கர் பாதி வழியில் நின்று அவரை அப்படியே மேலே தூக்கிவிட்டது. பெட்ரோல் டேங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மச்சான் இது, சேத்துல கால் விட்ட மாதிரி இருக்கு?"

"நடிக்காதீங்க."

"யாரு நடிக்கறது? நீங்க வேணா கைய வெச்சுப் பாருங்க."

கையால் கிக்கரை அழுத்திப் பார்த்தேன். பிசுபிசுவென்று கனத்தது. காற்றை நெருக்கும் கெட்டித்தனம் வேறு, இது வேறு. முந்தாநாள் ஓடிய எஞ்சின் இப்படி இருக்காது. எனக்குள் ஏதோ ஒன்று இடறியது. ஆனாலும் விடவில்லை.

மறுபடி மிதித்தார். மறுபடியும். ஒவ்வொரு முறையும் தப்பான இடத்திலிருந்து, தப்பான வேகத்தில், முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு. ஆறாவது மிதியில் என்னால் தாங்க முடியவில்லை. சந்தேகம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு எஞ்சினை இப்படி யாராவது உதைப்பார்களா?

"நிறுத்துங்க, நிறுத்துங்க. மெதுவா அழுத்துங்க. கெட்டியா நிக்குதா? அதுதான் இடம். கேட்டீங்களே, அந்தக் குட்டி லீவர், இப்போ அதைப் பிடிங்க. அது வால்வைத் தூக்கிவிட்டு உள்ள இருக்கற காத்தை வெளியேத்திடும். பிடிச்சபடியே கிக்கரை இன்னும் நாலு விரல் இறக்குங்க. போதும். லீவரை விடுங்க. கிக்கர் தானா மேல வரட்டும். இப்போ பிஸ்டன் மேட்டைத் தாண்டி இறக்கத்துல நிக்குது. வேகம் வேணாம். உங்க உடம்பு எடையை அதுமேல போட்டு, கடைசிவரைக்கும் காலை எடுக்காம இறங்குங்க. படியில இறங்கற மாதிரி."

"இதை முதல்லயே சொல்லியிருந்தா என் கால் மிஞ்சியிருக்கும்" என்றார் மச்சான். இறங்கினார்.

டும் என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு எஞ்சின் பிடித்துக்கொண்டது.

கூடவே புகை. நீலமாக, மெத்தைப் பஞ்சு போலக் கனமாகப் புகைக்குழாயிலிருந்து கொட்டி, கொட்டகை நிரம்பி, கதவு வழியாக முற்றத்துக்குப் போனது. எஞ்சினுக்கு அடியில் இருக்கும் மூச்சுக் குழாய் எண்ணெயைக் கக்கியது. அடுத்த நிமிடம் தொட்டியின் மூடி ஓரமாக எண்ணெய் பொங்கி, சீட்டின் வழியே வழிந்து, மச்சானின் பேண்டில் இறங்கியது. நான் இருமிக்கொண்டே பாய்ந்து வால்வு லீவரை இழுத்துப் பிடித்தேன். எஞ்சின் செத்தது.

எண்ணெய் சொட்டிக்கொண்டே இருந்தது.

எண்ணெய் சத்தமில்லாமல் இரண்டு மாதமும் கீழே இறங்கியிருக்கிறது. எஞ்சினின் வயிறு நிறைய அதுதான் கிடந்தது. கிக்கர் சேற்றில் போனது அதனால்தான். கிளப்பியதும் பம்பு தன் வேலையைச் செய்து அத்தனையையும் மேலே அனுப்பியிருக்கிறது. தொட்டியோ ஏற்கெனவே நிறைந்து இருந்தது. ஒரு வண்டிக்கான எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வண்டிக்கான எண்ணெய். இந்த எஞ்சினை இரண்டு மாதமாக யாருமே கிளப்பவில்லை. யாரோ மேலேயிருந்து ஊற்றியிருக்கிறார்கள்.

"தொட்டியில எண்ணெய் ஊத்தினது யாரு?" என்று கேட்டேன்.

"நான்தான்" என்றாள் மனைவி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. "வாரா வாரம் சனிக்கிழமை. குறைஞ்சுட்டே இருந்துச்சு, சிவப்புக் கோடு வரைக்கும் ஊத்தினேன். அந்தப் பெரிய டப்பா காலியாகப் போகுது, சொல்லணும்னு இருந்தேன்."

"நீ ஏன் ஊத்தின?"

"நீங்கதானே சொன்னீங்க! ஆபரேஷன் முடிஞ்சு மயக்கம் தெளியுறப்போ. டாக்டர் பேரு கேக்கறாரு, நீங்க என் கையப் பிடிச்சு, 'எண்ணெய் கோட்டுக்குக் கீழ போகக்கூடாது, போகக்கூடாது'ன்னு அழறீங்க. நர்ஸ் சிரிக்குது. நான் சத்தியம் பண்ணிக் குடுத்தேன்."

எனக்கு அது சுத்தமாக நினைவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க எண்ணெயைப் பத்திக் கேட்டீங்களா? வண்டிய யாரு எடுத்தான்னு கேட்டீங்க. எடுக்கலன்னு சொன்னேன். ஆதாரம் என்னன்னு கேட்டா வாயத் திறக்கல. எண்ணெய்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சாப்பாட்டு மேசையிலயே முடிஞ்சிருக்கும்."

பிஸ்டனிடம் கேட்டிருந்தேன், எண்ணெய் தானாக ஏறுமா என்று. அவனும் என்னைப் போலத்தான் யோசித்தான். எஞ்சின் ஓடினால்தான் ஏறும் என்று எங்கள் இருவருக்கும் அத்தனை நன்றாகத் தெரிந்திருந்ததால், ஒருவர் டப்பாவைச் சாய்த்து ஊற்றலாம் என்பது இருவருக்குமே தோன்றவில்லை.

மச்சான் எண்ணெய் வழியும் பேண்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இது துவைச்சா போகுமா?" என்றார்.

"மண்ணெண்ணெய்ல ஊற வெச்சா போகும்" என்றேன். பிறகு, "மச்சான், தப்பு என்னோடது" என்றேன்.

"ம்."

எஞ்சினுக்கு அடியில் ஒரு திருகாணி இருக்கிறது. அதைக் கழற்றினால் தேங்கியது வடியும். தரையில் படுத்துக் கழற்ற வேண்டும், என் முட்டி அதற்கு ஒத்துக்கொள்ளாது. நான் கேட்கவில்லை. அவரே ஸ்பானரை வாங்கிக்கொண்டு, அழுக்கான பேண்டோடு படுத்தார். மனைவி பழைய பேசின் ஒன்றைக் கொண்டுவந்து தள்ளினாள். கறுப்பாக, தடிமனாக, நெடுநேரம் வடிந்தது.

"எவ்ளோ ஊத்தினே நீ?" என்று அடியிலிருந்து மச்சானின் குரல் வந்தது.

"சத்தியம் பண்ணியிருக்கேன்ல அண்ணா."

இருவரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்துகொள்ளப் பார்த்தேன். சிரிப்பு அதற்குள் முடிந்துவிட்டது.

கை கழுவிக்கொண்டு உள்ளே போனேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அவர் தெருவில் எதையாவது ஓட்டினாரா என்பதை நான் சோதிக்கவில்லை. சோதிக்க வழியும் இல்லை. இருந்தாலும் போடப்போகிறேன் என்று முடிவு செய்திருந்தேன். பார்க்காததற்குக் கையெழுத்து; என் இருபது வருடத்தில் முதல் தடவை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்றுகூட வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன்.

கடிதம் சாப்பாட்டு மேசையில், தண்ணீர்ச் சொம்புக்குக் கீழே இருந்தது. 'இதே வீட்டில் வசிப்பவர்' என்ற வரிக்கு மேலே என் மனைவியின் கையெழுத்து, மை காய்ந்து போய் இருந்தது.

மச்சான் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வாசலில் வந்து நின்றார். நான் கையில் பேனாவோடு நிற்பதைப் பார்த்தார்.

"கொட்டகைக்குப் போறதுக்கு முன்னாடியே போட்டுட்டா" என்றார்.

"நானும் கீழ ஒண்ணு போடறேன் மச்சான். ரெண்டு இருந்தா நல்லதுதானே?"

"வேணாம் மச்சான். ஒரு ஆள்தான் கேட்டிருக்காங்க."

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பையை எடுத்துக்கொண்டு பின் அறைக்குப் போனார். பீரோ திறந்து, துணிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி உள்ளே போகும் சத்தம் கேட்டது. நான் பேனாவை மூடினேன்.